ஹோண்டாஜெட் உருவான கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹோண்டா என்றால் நமக்கு பைக்கும் காரும்தான் ஞாபகத்துக்கு வரும். அதே நிறுவனம் இரட்டை எஞ்சின் கொண்ட ஒரு குட்டி பிசினஸ் ஜெட்டையும் செய்து விற்கிறது. 1986-ல் தொடங்கிய ஆராய்ச்சி, 2015 டிசம்பரில்தான் வாடிக்கையாளரின் கைக்கு விமானமாகப் போய்ச் சேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது என்பதுதான் இங்கே வரும் பெரும்பாலான கேள்விகள். ஒரு சிறிய ஜெட்டைப் பறக்கவைப்பதைவிட, அதை விற்கத் தகுந்த பொருளாக மாற்றுவதுதான் பெரிய வேலை என்பது இந்தக் கதையில் தெளிவாகத் தெரிகிறது.

ஹோண்டாஜெட் எவ்வளவு பெரியது? எத்தனை பேர் போகலாம்?

நீளம் சுமார் 13 மீட்டர், இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுமார் 12 மீட்டர். விமானியோடு சேர்த்து ஆறேழு பேர் போகலாம். அதிகபட்ச வேகம் ஏறத்தாழ 420 நாட், அதாவது மணிக்கு 780 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 43,000 அடி உயரம் வரை ஏறும். பெரிய பயணிகள் விமானங்கள் வழக்கமாகப் பறக்கும் உயரத்துக்கும் மேலே இது. முதலில் வந்த மாடல், நான்கு பேரோடு 1,180 கடல் மைல், அதாவது சுமார் 2,200 கிலோமீட்டர் போகும்.

கார் செய்யும் நிறுவனம் எதற்காக விமானத்தில் இறங்கியது?

நிறுவனர் சொய்ச்சிரோ ஹோண்டாவுக்குச் சின்ன வயதிலிருந்தே விமானத்தின் மேல் ஆசை உண்டு. ஆனால் ஆசை மட்டும் முப்பது ஆண்டுகளுக்குப் பணம் கொடுக்காது. 1986-ல் ஹோண்டா தன் ஆராய்ச்சிப் பிரிவில் நீண்டகாலப் பலன் தரக்கூடிய சில துறைகளைத் தேர்ந்தெடுத்தது. அதில் சிறிய விமானமும் ஒன்று, ஜெட் எஞ்சின் இன்னொன்று. இரண்டும் தனித்தனி வேலைகளாகத்தான் தொடங்கின.

விமானப் பக்கம் அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் மிச்சிமாசா ஃபுஜினோ. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியல் படித்துவிட்டு 1984-ல் ஹோண்டாவில் சேர்ந்தவர். ஹோண்டாவுக்கு அப்போது விமானம் கட்டிய அனுபவமே கிடையாது. அதனால் அவரையும் இன்னும் சிலரையும் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்தில் உள்ள ராஸ்பெட் விமான ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். வெளியே யாருக்கும் அதிகம் தெரியாமல் வேலை நடந்தது. இளம் பொறியாளர்கள் அங்கே தங்கள் கையாலேயே பாகங்களைத் தேய்த்து, ஒட்டி, பூட்டி, விமானம் என்றால் என்ன என்பதைக் கற்றுக்கொண்டார்கள்.

எம்எச்02 என்று ஒரு விமானத்தைச் சொல்கிறார்களே, அது என்ன?

ஹோண்டாஜெட்டுக்கு முந்தைய தலைமுறை. உடல் முழுக்கக் கூட்டுப்பொருளால் (இழைகளையும் பிசினையும் சேர்த்துச் செய்யும் பொருள்) ஆன, முன்னோக்கி வளைந்த இறக்கை கொண்ட சோதனை ஜெட் அது. 1993 மார்ச்சில் முதன்முறை பறந்தது. எஞ்சின் பிராட் அண்ட் விட்னி கனடாவுடையது. 1996 வரை பறக்கவிட்டு, தேவையானதைத் தெரிந்துகொண்டு நிறுத்திவிட்டார்கள். விற்கும் எண்ணத்தில் செய்யப்பட்டதல்ல. ஆனாலும் அந்த அனுபவம் இல்லாமல் அடுத்த கட்டம் வந்திருக்காது.

எஞ்சின் ஏன் இறக்கைக்கு மேலே இருக்கிறது? அழகுக்காகவா?

இல்லை. பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் இந்த விமானத்தின் மொத்த வடிவமும் இந்த ஒரு முடிவிலிருந்துதான் பிறந்தது. கொஞ்சம் விளக்கமாகவே பார்க்கலாம்.

சின்ன ஜெட்டில் எஞ்சினை எங்கே வைப்பது என்பது பழைய தலைவலி. பெரிய விமானங்களைப் போல இறக்கைக்குக் கீழே தொங்கவிட முடியாது. விமானம் தரைக்கு அவ்வளவு நெருக்கமாக நிற்கும். அதனால் எல்லோரும் எஞ்சின்களைப் பின்பக்கம் உடலின் இரண்டு புறமும் ஒட்டிவிடுவார்கள். லியர்ஜெட் தொடங்கி செஸ்னா சைட்டேஷன் வரை இதே ஏற்பாடுதான். ஆனால் அந்த எஞ்சின்களைத் தாங்க உடலுக்குக் குறுக்கே உறுதியான சட்டங்கள் போக வேண்டும். அவை உள்ளே இடத்தைத் தின்றுவிடும். பெரிய விமானத்தில் இது பெரிய விஷயமில்லை. 13 மீட்டர் விமானத்தில் பின்பக்கம் ஒரு மீட்டர் போனால், பயணிகள் இடமும் பெட்டி வைக்கும் இடமும் போய்விடும். எஞ்சின் அதிர்வும் சத்தமும் நேராக உடலுக்குள் இறங்கும்.

சரி, இறக்கைக்கு மேலே தூக்கி வைத்தால்? இடப் பிரச்சினை தீரும். ஆனால் காற்றியல் பாடம் அதை வேண்டாம் என்றுதான் சொல்லும். விமானம் ஒலியின் வேகத்துக்குக் கீழே பறந்தாலும், இறக்கையின் மேற்பரப்பில் ஓடும் காற்று சில இடங்களில் ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடும். பிறகு சட்டென்று வேகம் குறையும் இடத்தில் அதிர்ச்சி அலை உண்டாகும். அந்த அலைதான் வேகமாகப் பறக்கும்போது இழுவையை, அதாவது விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும் காற்றின் எதிர்ப்பை, திடீரென்று ஏற்றிவிடுவது. இறக்கையின் மேல் எஞ்சினை நிறுத்தினால் இரண்டுக்கும் நடுவில் காற்று நெருக்கப்பட்டு நிலைமை இன்னும் மோசமாகும் என்பதே பொதுவான நம்பிக்கை.

ஃபுஜினோ கண்டுபிடித்தது, எல்லா இடத்திலும் அப்படி ஆகாது என்பதைத்தான். எஞ்சினை ஒரு குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட உயரத்தில் வைத்தால், எஞ்சின் கூட்டைச் சுற்றி ஓடும் காற்றும் இறக்கை மேல் ஓடும் காற்றும் ஒன்றுக்கொன்று உதவி செய்கின்றன. எஞ்சினின் வாய் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து ஏறத்தாழ முக்கால் பங்கு பின்னால் இருக்க வேண்டும். அந்த இடத்தில், முன்னால் உள்ள இறக்கை மேல் காற்றின் வேகம் மட்டுப்பட்டு அதிர்ச்சி அலை வலுவிழக்கிறது. விளைவாக, எஞ்சின் இல்லாத வெறும் இறக்கையைவிடவும் வேகமான பறத்தலில் இழுவை குறையக்கூடும். கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தினால் இந்தப் பலன் காணாமல் போய்விடும்.

இந்த யோசனையை அவர் முதலில் ஒரு காலண்டர் தாளின் பின்புறத்தில் கிறுக்கி வைத்தார் என்பது விமான உலகில் பிரபலமான கதை. கிறுக்கியதோடு நிற்கவில்லை என்பதுதான் முக்கியம். கணினிக் கணக்கு, காற்றுச் சுரங்கச் சோதனை, இறக்கையும் எஞ்சினும் சேர்ந்து அதிர்ந்து உடைந்துவிடாதா என்ற ஆய்வு என்று ஆண்டுக்கணக்கில் சரிபார்த்து, 2003-ல் ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்டார். 2012-ல் அமெரிக்க வானூர்தி மற்றும் விண்வெளிப் பொறியியல் கழகத்தின் விமான வடிவமைப்பு விருது அவருக்குக் கிடைத்தது.

இதற்கு முன்னால் யாரும் இப்படிச் செய்ததில்லையா?

செய்திருக்கிறார்கள். ஜெர்மனியின் விஎஃப்டபிள்யூ 614 என்ற சிறிய பயணிகள் விமானத்தில் எஞ்சின்கள் இறக்கைக்கு மேலே தண்டுகளில் நின்றன. 1971-ல் பறந்தது. வியாபாரம் எடுபடவில்லை, இருபதுக்கும் குறைவாகவே கட்டப்பட்டன. அங்கே நோக்கம் வேறு: தரமற்ற ஓடுபாதைகளில் கல்லும் மண்ணும் எஞ்சினுக்குள் போகாமல் இருக்க வேண்டும். மேலே வைப்பதையே இழுவையைக் குறைக்கும் கருவியாக மாற்றியதுதான் ஹோண்டாவின் புதுமை.

மூக்கின் வடிவம் ஏன் கொஞ்சம் வித்தியாசமாக இருக்கிறது?

அதுவும் இழுவைக்காகத்தான். குழாயை மெல்லத் திறந்தால் தண்ணீர் கண்ணாடிக் கம்பி போல அசையாமல் இறங்கும், இன்னும் திறந்தால் சலசலவென்று கலங்கும். விமானத்தின் தோலை ஒட்டி ஓடும் காற்றும் அப்படித்தான். சலனமில்லாமல் அடுக்கடுக்காக ஓடும் வரைக்கும் உராய்வு குறைவு. கலங்கிவிட்டால் அதிகம். ஹோண்டாஜெட்டின் மூக்கும் இறக்கையும் அந்தக் கலங்காத ஓட்டம் முடிந்தவரை பின்னால் வரை நீடிக்கும்படி வரையப்பட்டவை.

ஆனால் தாளில் வரைந்தால் போதாது. மேற்பரப்பில் சின்ன மேடு பள்ளம் இருந்தாலே ஓட்டம் கலங்கிவிடும். அதனால் இறக்கையின் மேல்தோலைத் தகடுகளாக ஒட்டி ஆணியடிக்காமல், உள்ளே இருக்கும் விறைப்புக் கம்பிகளோடு சேர்த்து ஒரே அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்து எடுக்கிறார்கள். உடல் கார்பன் கூட்டுப்பொருள். அதிலும் மூக்குப் பகுதிக்கு ஒரு வகைக் கட்டமைப்பு, பயணிகள் அமரும் நேர் குழாய்ப் பகுதிக்கு வேறு வகை. மூக்கில் தேன்கூட்டு நடுப்பகுதி கொண்ட தோல். வளைவு பிசகாமல் இருக்க அது தேவை. நடுவில் விறைப்புக் கம்பிகள் வைத்த தோல். அதில் உள்ளே இடம் மிச்சமாகும், பின்னாளில் விமானத்தை நீட்டவும் எளிது. இவ்வளவு நுணுக்கமாக யோசித்து இரண்டையும் ஒரே உடலில் சேர்த்ததை, எஞ்சின் இடத்துக்கு அடுத்தபடியாக நான் மதிக்கிறேன்.

எஞ்சினையும் ஹோண்டாவே செய்ய வேண்டிய அவசியம் என்ன? வாங்கியிருக்கலாமே?

வாங்கியிருந்தால் ஒருவேளை சீக்கிரம் முடிந்திருக்கும். ஆனால் எஞ்சின்தான் ஹோண்டாவின் உயிர்நாடி, அதைக் கடையில் வாங்கிப் போட்டால் இந்தத் தொழிலுக்குள் வருவதற்கே அர்த்தமில்லை என்பது அவர்கள் எண்ணம். எச்எஃப்118 என்ற சொந்த எஞ்சினோடுதான் ஹோண்டாஜெட்டின் முதல் சோதனை விமானம் பறந்தது. ஆனால் எஞ்சினைச் சான்றிதழ் வாங்கி, விற்று, உலகம் முழுக்கப் பழுதுபார்த்துக் கொடுப்பது வேறு வேலை. அதற்காக 2004-ல் ஜெனரல் எலெக்ட்ரிக்கோடு பாதிக்குப் பாதி கூட்டு வைத்து ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். அங்கே உருவானது எச்எஃப்120. ஒவ்வொன்றும் சுமார் 2,050 பவுண்டு உந்துவிசை. முன்விசிறியின் விட்டம் அரை மீட்டர்கூட இல்லை.

2003-ல் பறந்துவிட்டது. 2015-ல்தான் சான்றிதழ். பன்னிரண்டு ஆண்டுகள் என்ன செய்தார்கள்?

மிக நியாயமான கேள்வி. 2003 டிசம்பர் 3 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் சோதனை விமானம் முதன்முறை வானில் ஏறியது. 2005-ல் ஆஷ்காஷ் விமானக் கண்காட்சியில் பொதுமக்கள் பார்த்தார்கள். 2006-ல் விற்பனைக்கு வரும் என்று அறிவித்தார்கள், விலை 36.5 லட்சம் டாலர். சில நாட்களிலேயே நூற்றுக்கு மேற்பட்ட ஆர்டர்கள். 2010-ல் கையில் கிடைக்கும் என்றார்கள். அந்த வாக்கு ஐந்து ஆண்டுகள் தள்ளிப்போனது.

முதல் காரணம், சோதனை விமானம் வேறு, விற்பனை விமானம் வேறு. முதலாவது, யோசனை வேலை செய்கிறதா என்று பார்க்க மட்டும். விற்பனைக்கு வருவதில் ஒவ்வொரு பாகமும் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின்படி, அங்கீகரிக்கப்பட்ட பொருளில், அங்கீகரிக்கப்பட்ட முறையில் செய்யப்பட்டிருக்க வேண்டும். அப்படிக் கட்டிய முதல் விமானம் பறந்தது 2010 டிசம்பரில். எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து நிரூபிக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் எஞ்சின். புது நிறுவனம், புது எஞ்சின். அமெரிக்க விமானக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.ஏ.ஏ. கேட்கும் சோதனைகள் கடுமையானவை. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்குள் பறவையை எறிவார்கள், ஆலங்கட்டியை எறிவார்கள், தண்ணீரைப் பாய்ச்சுவார்கள். முழு வேகத்தில் சுழலும்போது ஒரு விசிறி இதழை வேண்டுமென்றே பிய்த்துவிட்டு, துண்டுகள் கூட்டைக் கிழித்து வெளியே வராமல் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். எச்எஃப்120-க்கு அனுமதி கிடைத்தது 2013 டிசம்பரில்தான். எஞ்சினுக்குச் சான்றிதழ் இல்லாமல் விமானத்துக்குச் சான்றிதழ் கிடையாது.

விமானத்துக்கும் தனிப் பரீட்சை. பறக்கும் வாழ்நாளில் அதிகபட்சம் எவ்வளவு சுமை வரலாம் என்று கணக்கிட்டு, அதற்கு ஒன்றரை மடங்கு சுமையை இறக்கை மேல் ஏற்ற வேண்டும். மூன்று விநாடி தாங்க வேண்டும். பனி படியும் மேகத்தைத் தேடிப் போய் அதற்குள் பறந்து காட்ட வேண்டும். ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது ஒரு எஞ்சினை அணைத்து, மற்றொன்றிலேயே மேலேற வேண்டும். இப்படி அமெரிக்கா முழுக்க எழுபதுக்கு மேற்பட்ட இடங்களில் 3,000 மணி நேரத்துக்கு மேல் பறந்த பிறகு, 2015 டிசம்பர் 8-ல் சான்றிதழ் வந்தது. அதே மாதம் 23-ல் முதல் விமானம் வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்குள் விலை 45 லட்சம் டாலரைத் தொட்டிருந்தது.

அதே காலத்தில் எக்லிப்ஸ் 500 என்று இன்னொரு குட்டி ஜெட் வந்ததே, அது ஏன் நிலைக்கவில்லை?

எக்லிப்ஸின் கனவு இன்னும் பெரிது. 1998-ல் வெர்ன் ரபர்ன் தொடங்கிய நிறுவனம், பத்து லட்சம் டாலருக்கும் குறைவாக ஒரு ஜெட் என்றது. அது சாத்தியமாக வேண்டுமென்றால் கார் போல ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் செய்ய வேண்டும். 2002 ஆகஸ்டில் முதல் விமானம் பறந்தது. ஆனால் அதிலிருந்த வில்லியம்ஸ் நிறுவனத்தின் குட்டி எஞ்சின் தேவையான திறனைத் தராததால் அதைக் கைவிட்டு, பிராட் அண்ட் விட்னி கனடா எஞ்சினுக்கு மாறினார்கள். எஞ்சின் மாறினால் எடை மாறும், கட்டமைப்பு மாறும், அட்டவணை மாறும். 2006 செப்டம்பரில் சான்றிதழ் கிடைத்தது. சுமார் 260 விமானங்களைக் கொடுத்த பிறகு, 2008 நவம்பரில் நிறுவனம் திவால் மனு போட்டது.

விமானம் மோசமில்லை. ஆணிக்குப் பதிலாக உராய்வு வெப்பத்தில் அலுமினியத் தகடுகளைப் பற்றவைக்கும் முறையை விமான உற்பத்தியில் துணிந்து கொண்டுவந்தவர்கள் அவர்கள். விலையை முதலில் அறிவித்துவிட்டு, அதற்கேற்ற எண்ணிக்கை பின்னால் வரும் என்று நம்பியதுதான் அவர்களைச் சாய்த்தது. ஹோண்டாவும் தாமதித்தது, விலையை ஏற்றியது. ஆனால் அதன் பின்னால் காத்திருக்க வசதியுள்ள ஒரு பெரிய நிறுவனம் இருந்தது. இந்த வித்தியாசத்தை மறைத்துவிட்டு ஹோண்டாவின் வெற்றியை வெறும் திறமை என்று சொன்னால் அது எக்லிப்ஸ் பொறியாளர்களுக்கு அநியாயம்.

போட்டிக்கு வேறு எவை இருந்தன?

செஸ்னாவின் சைட்டேஷன் மஸ்டாங், எம்ப்ரேயரின் ஃபீனம் 100. மஸ்டாங்குக்கு 2006-லும் ஃபீனத்துக்கு 2008-லும் சான்றிதழ் கிடைத்துவிட்டது. இரண்டுமே பின்பக்கம் எஞ்சின், வாங்கிய எஞ்சின் என்று பழகிய பாதையில் போனவை. ஹோண்டாஜெட் தாமதமாக வந்தாலும் வேகத்தில் இரண்டையும் முந்தியது. 2017-ல் 43 விமானங்கள் கொடுத்து அந்த வகையில் முதலிடம் பிடித்தது. மஸ்டாங் உற்பத்தி அதே ஆண்டு நின்றது. லாபக் கணக்கு வேறு: ஹோண்டாவின் விமானப் பிரிவு பல ஆண்டுகள் நட்டத்தில்தான் ஓடியது.

ஒரே விமானி ஓட்டலாமா?

ஓட்டலாம், அதற்கே வடிவமைக்கப்பட்டது. ஆனால் இந்த மாடலுக்கென்று தனிப் பயிற்சியும் தேர்வும் கட்டாயம்.

குறைகளே இல்லையா?

உண்டு. தரையிறங்கும்போது ஓடுபாதையை விட்டு விலகிய சம்பவங்கள் பல பதிவாகியுள்ளன. எடை குறைந்த விமானம், சக்கரம் தரையைத் தொட்ட பிறகும் இறக்கை கொஞ்சம் தூக்கிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் பிரேக் முழுதாகப் பிடிக்காது. குறுக்குக் காற்றும் ஈர ஓடுபாதையும் சேர்ந்தால் விமானியின் கையில்தான் எல்லாம். எஞ்சின் உந்துவிசையைத் திருப்பிவிடும் வசதியும் இதில் இல்லை. 2022-ல் வந்த எலீட் 2 மாடலில், தரை தொட்டதும் இறக்கை மேல் எழுந்து தூக்குவிசையைக் கொல்லும் தகடுகளைச் சேர்த்தார்கள். இது முதல் மாடலிலேயே இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அடுத்து என்ன வருகிறது?

எஷெலான் என்ற பெரிய மாடலை உருவாக்கிக்கொண்டிருக்கிறார்கள். 2021-ல் மாதிரியாகக் காட்டி, 2023-ல் தயாரிப்பதாக உறுதி செய்தார்கள். 2,625 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 4,860 கிலோமீட்டர், நிற்காமல் போய் அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரையைத் தொட வேண்டும் என்பது இலக்கு. எச்எஃப்120-இன் உந்துவிசை அந்த எடைக்குப் போதாது. இந்த முறை அவர்கள் சொந்த எஞ்சினுக்காகக் காத்திருக்கவில்லை, வில்லியம்ஸ் எஃப்ஜே44 எஞ்சினைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.